ஏரிக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது

அன்புள்ள அண்ணா,

கங்கபல் ஏரிக்குக் கிளம்பி, மழையில் பாதியில் திரும்பியதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். மனசு ஆறவில்லை. காஷ்மீர் வரை போய், இன்னும் ஒரு மணி நேரம்தான் என்ற இடத்தில் எப்படித் திரும்ப முடிந்தது? நானும் தோழிகள் இருவரும் வருகிற ஜூலையில் அடிவாரக் கிராமமான நாராநாக்கிலிருந்து ஒரே நாளில் கங்கபல், நுந்த்கோல் இரண்டு ஏரிகளையும் பார்த்துவிட்டு இறங்குவதாக இருக்கிறோம். மலையில் கூடாரம் போட்டுத் தங்க வீட்டில் விடமாட்டார்கள். அப்பா தேவனாம்பட்டினத்தில் படகு வைத்திருக்கிறார். "மலை மழை உனக்கு என்ன தெரியும்?" என்கிறார். தானே புயலையே பார்த்தவள் நான், மழைக்கெல்லாம் பயமில்லை. போகலாம்தானே?

வாசகி, கடலூர்

அன்புள்ள தங்கைக்கு,

போங்கள். கட்டாயம் போக வேண்டிய இடம். ஆனால் "மழைக்கெல்லாம் பயமில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த நீண்ட பதில்.

2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே கரையைக் கடந்தபோது நான் புதுச்சேரியில் இருந்தேன். அன்றைக்குப் பயந்தது காற்றுக்கும் விழுகிற மரத்துக்கும்தான். நனைந்ததற்கு யாரும் பயப்படவில்லை. துண்டை எடுத்துத் துவட்டினால் முடிந்தது. மலையில் நனைவதுதான் ஆபத்தே. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் குறையும். நாராநாக் சுமார் 2,100 மீட்டர், கங்கபல் சுமார் 3,570. கீழே இதமாக இருக்கும்போதே மேலே ஒன்பது டிகிரி குறைந்திருக்கும். ஈரத் துணியும் காற்றும் சேர்ந்தால் உடம்புச் சூடு கடகடவென்று இறங்கும். 35 டிகிரிக்குக் கீழே போய்விட்டால் முதலில் தடுமாறுவது கைவிரல், அடுத்தது பேச்சு, அப்புறம் புத்தி. பனி கொட்ட வேண்டும் என்பதில்லை, சாதாரணத் தூறலே போதும்.

இதை நான் என் நண்பனிடம் பார்த்தேன். ஜீன்ஸ், பருத்தி பனியன், மேலே ரெயின் கோட். மழை உள்ளே போகவில்லை. ஆனால் முதல் செங்குத்து ஏற்றத்திலேயே வியர்வையில் உள்ளே தொப்பலாகிவிட்டான். புறப்படும் முன் அவன் என்ன போட்டிருக்கிறான் என்று நான் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. துருங்கோல் புல்வெளியைத் தாண்டியபோது மணி பன்னிரண்டு. எங்கே இருந்தாலும் பன்னிரண்டுக்குத் திரும்புவது என்று எங்கள் கைடு முந்தின இரவே சொல்லியிருந்தார். நான் அவரிடம் வாதாடினேன். "இன்னும் ஒரு மணி நேரம்தானே?" உங்கள் கடிதத்தில் இருக்கும் அதே வார்த்தை. அவர் எனக்குப் பதில் சொல்லவில்லை. நண்பனிடம் திரும்பி, பையைத் திறந்து தண்ணீர் எடுக்கச் சொன்னார். அவன் ஜிப்பைப் பிடிக்கப் பார்த்தான். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேரவில்லை. மறுபடி முயன்றான். மூன்றாவது தடவை கையைக் கீழே போட்டுவிட்டு, "எனக்குக் குளிரவே இல்லடா" என்றான். நாக்கு குழறியது.

அதற்குப் பிறகு நான் வாய் திறக்கவில்லை.

கொஞ்சம் கீழே இறங்கியதும் ஆடு மேய்ப்பவர்களின் மரக் குடிசை ஒன்று இருந்தது. அந்த வீட்டு அம்மா அவனுடைய ஈரத் துணியைக் கழற்றச் சொல்லிக் கம்பளியைச் சுற்றிவிட்டு, அவன் கையை அடுப்பில் காட்டாமல் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு உப்புப் போட்ட இளஞ்சிவப்பு டீ. ஒரு மணி நேரம் கழித்துத்தான் அவன் ஒழுங்காகப் பேசினான். இறங்கும்போது, காலையில் கணுக்கால் அளவு ஓடிய ஓடை முழங்காலுக்கு வந்திருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் மேலே போயிருந்தால் அதை எந்த நிலையில் கடந்திருப்போம் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

நீங்கள் அப்பாவிடம் ஒன்று கேளுங்கள். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிய பிறகு, கடல் பார்க்க அமைதியாக இருந்தாலும் அவர் ஏன் படகை எடுப்பதில்லை? கடலுக்குள் போன பிறகு எடுக்கிற முடிவு தாமதமான முடிவு என்று அவருக்குத் தெரியும். மலையிலும் திரும்பும் நேரத்தை முந்தின இரவே, காய்ந்த துணியோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். குளிர்ந்த மூளை "இன்னும் கொஞ்சம்" என்றுதான் சொல்லும்.

மற்றதெல்லாம் சுலபம். ஜீன்ஸும் பருத்தியும் வேண்டாம், கம்பளியோ பாலியஸ்டரோ போடுங்கள். ஏறும்போது வியர்க்காத வேகத்தில் ஏறுங்கள். ஒரு செட் உலர்ந்த துணியைக் கனமான பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள், நடக்கும்போது அதைப் போட்டு நனைத்துவிடாதீர்கள், நனைந்து நடுங்கினால் மாற்றிக்கொள்ளத்தான் அது. பண்ருட்டி முந்திரி, கடலை மிட்டாய், பிளாஸ்கில் சூடாகச் சுக்குக் காபி. தலைவலியோடு குமட்டலும் வந்தால் உயரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம், உடனே இறங்குங்கள். போக ஏறத்தாழ 15 கிலோமீட்டர், வர அதே 15. ஏற்றம் மட்டும் செஞ்சி ராஜகிரிக் கோட்டையை ஆறு தடவை அடுக்கினது மாதிரி. அதனால் இப்போதிருந்தே ஞாயிற்றுக்கிழமைகளில் செஞ்சிக்குப் போய், பையில் எடை வைத்து ஒரே நாளில் இரண்டு தடவை, பிறகு மூன்று தடவை ஏறிப் பழகுங்கள்.

முக்கியமாக, நாராநாக்கில் ஒரு நாள் இல்லை, மூன்று நாள் வையுங்கள். ராத்திரி கீழேயே தங்கப் போவதால் வீட்டிலும் மறுக்கமாட்டார்கள். மழை நாளில் அங்கேயே எட்டாம் நூற்றாண்டுக் கற்கோயில்கள் இருக்கின்றன, அரை நாள் பார்க்கலாம். வானம் திறந்த நாளில் ஏறினால் ஏரிகளுக்கு மேலே ஹர்முக் தெரியும், 5,142 மீட்டர். 1802இல் நம் பரங்கிமலைப் பக்கம் தொடங்கிய நில அளவை 1856இல் அந்த மலைக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து பார்த்துத்தான் நில அளவை அதிகாரி மாண்ட்கோமரி தூரத்துச் சிகரங்கள் இரண்டுக்கு கே1, கே2 என்று குறித்தார். நான் பார்த்தது வெறும் வெள்ளை மேகம்.

அடுத்த வருஷம் நானும் அந்த நண்பனும் மறுபடி போகிறோம். நீங்கள் போய் வந்ததும் எழுதுங்கள். ஏரியைப் பார்க்காமல் திரும்பியிருந்தாலும் எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்