சேம்பரில் சிக்கும் காலி உறை

வணக்கம். உறையை வெளியே இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டரை மாற்றியும் உங்கள் .22 ரைபிளில் சுட்ட தோட்டாவின் உறை வெளியே வர மறுக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். கோளாறு சேம்பரில்தான், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையில்தான், இருக்க வேண்டும்.

சுடும் நொடியில் வாயுவின் அழுத்தம் மெல்லிய பித்தளை உறையை விரித்துச் சேம்பர் சுவரோடு அப்பிவிடுகிறது; வாயு பின்னால் கசியாததற்கு அதுவே காரணம். அழுத்தம் தணிந்ததும் உறை இம்மியளவு சுருங்கி, பிடி விடும். சுவரில் அழுக்கு இருந்தால் விடாது.

பயிற்சிக்கு 'ஷார்ட்' எனும் குட்டை .22 தோட்டாக்களையே நிறையச் சுட்டதாகச் சொன்னீர்களே, விஷயம் அங்கேதான் இருக்கிறது. அதன் உறை ஏறத்தாழ 10.7 மி.மீ.; 'லாங் ரைபிள்' எனும் நீண்ட .22 தோட்டாவின் உறை 15.6 மி.மீ. நீண்ட உறைக்கென அமைந்த சேம்பரில், குட்டை உறைக்கு முன்னால் மிச்சமுள்ள இடத்தில் கரியும் ஈயமும் வளையமாகப் படிந்துவிடும். பிறகு நுழையும் நீண்ட உறை அந்த வளையத்தில் இறுகிக்கொள்கிறது. ரைபிள் காலியாக இருப்பதை உறுதிசெய்து, சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டைக் கழற்றி, சேம்பரைத் துப்புரவு எண்ணெயில் ஊறவிட்டு, வெண்கலத் தூரிகையால் தேயுங்கள்.

அப்படியும் சிக்கினால் சேம்பர் வாய் விளிம்பை டார்ச் அடித்துப் பாருங்கள். தோட்டா இல்லாமல் விசையை இழுத்துப் பழகும் ரைபிள்களில் ஃபயரிங் பின் (தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் ஊசி) அங்கே குத்திப் பிசிறு எழுப்பியிருக்கலாம். அதில் மட்டும் தயவுசெய்து நீங்களே அரம் வைக்காதீர்கள். துப்பாக்கி பழுதுபார்க்கும் அனுபவமுள்ள ஆர்மரரிடம் கொடுங்கள்.