கொட்டானும் கோழிக் குழம்பும்

அன்புள்ள ஐயா,

எங்கள் அப்பத்தாவுக்கு 78 வயது. பார்க்கின்சன் நோய்க்கு ஆறு ஆண்டுகளாக லெவோடோபா மாத்திரை சாப்பிடுகிறார்கள். ‘எக்ஸோசோம்’ என்ற இயற்கை நானோ துகள்களை ஊசியில் ஏற்றினால் மருந்து நேராக மூளைக்குள் போய்விடும், இயற்கையானது என்பதால் பக்கவிளைவே கிடையாது என்று ஒரு சிகிச்சை மையத்தில் சொல்கிறார்கள். கேட்கும் தொகை மிகப் பெரியது. வீட்டு வளவில் (உள்முற்றத்தில்) நிற்கும் தேக்குத் தூண்களை விற்றுவிடலாமா என்றுகூடச் சித்தப்பா பேசுகிறார். இதற்கிடையில், கோழிக் குழம்பு சாப்பிட்ட அன்று மாத்திரை வேலை செய்வதில்லை என்று அப்பத்தா வேறு குறைப்படுகிறார்கள். என்ன செய்யலாம்?

ஒரு வாசகி, தேவகோட்டை

அன்புள்ள தங்கைக்கு,

தூண்கள் இருக்கட்டும். கோழிக் குழம்பிலிருந்து தொடங்குகிறேன். போகிற போக்கில் நீங்கள் எழுதிய அந்த வரியில்தான் விஷயம் இருக்கிறது.

ஜெர்மன் விஞ்ஞானி பால் எர்லிக் 1885-இல் விலங்குகளின் இரத்தத்தில் சாயம் ஏற்றிப் பார்த்தார். உறுப்புகளெல்லாம் நிறம் மாறின. மூளை மட்டும் வெளுப்பாகவே இருந்தது. மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்ச் சுவர்களில் செல்கள் இடுக்கே இல்லாமல் ஒட்டி நிற்கின்றன என்பது பிறகு தெரிந்தது. உங்கள் வீட்டைப் போலத்தான். வந்தவர் யாராக இருந்தாலும் முகப்புத் திண்ணையில் உட்காரலாம். வளவுக்குள் வர முறை வேண்டும்.

அப்பத்தாவின் மூளையில் குறைந்திருப்பது டோபமின் என்ற வேதிப்பொருள். அதையே மாத்திரையாகக் கொடுத்தால் இந்தச் சுவரைத் தாண்டாது. லெவோடோபா தாண்டும். அதுவும் ஒரு வகை அமினோ அமிலம்தான். அமினோ அமிலங்களுக்கென்று இருக்கும் வாசலில் நுழைந்துவிடும், உள்ளே போனபின் டோபமினாக மாறும். கோழிக் கறியின் புரதம் செரித்து வருவதும் அமினோ அமிலங்கள்தான். குடலிலும் மூளையின் வாசலிலும் இரண்டும் முட்டிக்கொள்கின்றன. கூட்டத்தில் மாத்திரை பின்தங்கிவிடுகிறது. அப்பத்தா சொன்னது பிரமை இல்லை.

எக்ஸோசோமும் இதே வாசல் பிரச்சினைக்குத் தேடப்படும் வழிதான். 1983-இல் செம்மறியாட்டின் இளம் சிவப்பணுக்கள் தங்களுக்கு வேண்டாத புரதங்களை நுண்ணிய பைகளில் கட்டி வெளியேற்றுவதைக் கண்டார்கள். நெடுங்காலம் அதைக் குப்பை என்றே நினைத்தார்கள். 30 முதல் 150 நானோமீட்டர் அளவுள்ள அந்தப் பைகளில்தான் ஒரு செல் இன்னொரு செல்லுக்குப் புரதத்தையும் ஆர்.என்.ஏ.வையும் அனுப்புகிறது என்பது பின்னால் தெரிந்தது. பனையோலைக் கொட்டானில் பலகாரம் வைத்துக் கொடுத்தனுப்புகிறோமே, அதுபோல.

கொட்டான் இருந்தால் போதுமா? சேர வேண்டிய வீடு தெரிய வேண்டாமா? சும்மா இரத்தக் குழாயில் ஏற்றினால் இந்தப் பைகளில் பெரும்பகுதி கல்லீரலிலும் மண்ணீரலிலும் போய்த் தங்கிவிடுகிறது. அதனால்தான் 2011-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள், ரேபிஸ் வைரஸ் நரம்பணுக்களைப் பற்றிக்கொள்ள உதவும் புரதத்தின் துண்டொன்றைப் பையின் மேல் பதித்தார்கள். உள்ளே வைத்த ஆர்.என்.ஏ. மூளைக்குப் போய், அல்சைமர் நோயோடு தொடர்புள்ள ஒரு மரபணுவின் செயல்பாட்டைக் குறைத்தது. அருமையான வேலை. ஆனால் அது எலியின் மூளை.

‘இயற்கையானது’ என்ற சொல்தான் எனக்கு எரிச்சலூட்டுகிறது. ரேபிஸ் வைரஸும் இயற்கைதான். பார்க்கின்சன் நோயில் உருக்குலைந்து தேங்கும் ஆல்ஃபா சைனூக்ளின் புரதமும் இதே பைகளில் ஏறியும் ஒரு செல்லை விட்டு வெளியேறுகிறது. வைத்தது அதிரசமா, ஊசிப்போன சோறா என்று கொட்டான் பார்ப்பதில்லை. 2019 டிசம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எக்ஸோசோம் ஊசிகளைப் பற்றிப் பொது எச்சரிக்கை வெளியிட்டது. நெப்ராஸ்காவில் அவற்றைப் போட்டுக்கொண்டவர்கள் கடுமையாகப் பாதிக்கப்பட்டிருந்தார்கள். முறையான மருத்துவ ஆய்வில் சேர்த்துக்கொள்பவர்கள், பரிசோதிக்கப்படும் ஊசிக்காகத் தூணை விற்கும் அளவுக்குப் பணம் கேட்பதில்லை. உங்களிடம் கேட்கிறார்கள். எனக்கு அதுவே போதும். சித்தப்பாவிடம் இந்தப் பதிலைப் படித்துக் காட்டுங்கள். கோபப்பட்டால் என் மேல் போடுங்கள்.

அப்பத்தாவை நரம்பியல் மருத்துவரிடம் ஒருமுறை கூட்டிப் போங்கள். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் முன்னால் கொடுக்கலாம், கறி சாப்பாட்டை இரவுக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். நீங்களாக எதையும் மாற்ற வேண்டாம். கோழிக் குழம்பை நிறுத்தவும் வேண்டாம். அந்த வயதில் உடம்பு இளைத்துவிடும், அப்பத்தாவும் உங்களை மன்னிக்க மாட்டார்கள்.

அன்புடன்