ஜூனில் ஒரு கையெழுத்து, மே மாதம் சம்பளம் இல்லை

கேள்வி: திருமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில் ஆறு வருடமாகக் கணக்கு டீச்சராக இருக்கிறேன். ஒவ்வொரு ஜூனிலும் பதினொரு மாதத்துக்குப் புதிதாக ஒப்பந்தம் எழுதி வாங்குவார்கள். மே மாதம் சம்பளம் கிடையாது. இந்த வருட ஒப்பந்தத்தில் புதிதாகச் சில வரிகள் சேர்த்திருக்கிறார்கள். நடுவில் நின்றால் மூன்று மாதச் சம்பளம் கட்ட வேண்டும். நின்ற பிறகு இரண்டு வருடத்துக்கு 20 கிலோமீட்டருக்குள் வேறு பள்ளியில் சேரக் கூடாது. நிர்வாகம் மட்டும் எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் நிறுத்தலாம். ஒரிஜினல் சான்றிதழ்களையும் கேட்கிறார்கள். போன வருடமே தொகை எழுதாத செக் ஒன்று வாங்கிவிட்டார்கள். மேலூரில் உதவிபெறும் பள்ளியில் வேலை பார்க்கும் என் தோழிக்கு இதில் ஒன்றுகூட இல்லை. மாநிலம் முழுக்க ஆசிரியர் எல்லாருக்கும் ஒரே ஒப்பந்தம் என்று அரசு கொண்டுவர முடியாதா? சில பேர் சேர்ந்து மனு கொடுக்க இருக்கிறோம். கையெழுத்துப் போடலாமா? மனுவில் என்ன எழுதுவது?

பதில்: டீச்சர், உங்கள் தோழியின் ஒப்பந்தத்திலிருந்து தொடங்குகிறேன். உங்கள் மனுவுக்கு வேண்டிய பதில் அதில்தான் இருக்கிறது.

என் அம்மா உதவிபெறும் பள்ளியில் இருந்தவர். அவருடைய டிரங்குப் பெட்டியில் பழுப்பேறிய ஒரு தாள் இருந்தது. பள்ளிக் குழுவுக்கும் அவருக்கும் நடந்த ஒப்பந்தம். அந்த வாசகம் எந்தத் தாளாளரும் உட்கார்ந்து யோசித்து எழுதியதில்லை. 1973-ஆம் ஆண்டு தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டத்துக்காக 1974-இல் வந்த விதிகளிலேயே அதற்கான படிவம் இருந்தது. பெயர், பதவி, சம்பளம் இவற்றை நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டியதுதான். அந்தச் சட்டத்தின் 22-ஆம் பிரிவுப்படி, கல்வி அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் ஆசிரியரை நீக்க முடியாமல் இருந்தது. தற்காலிகப் பணிநீக்கம்கூட இரண்டு மாதம்தான், காரணம் காட்டினால் இன்னும் இரண்டு மாதம். சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அரசியல் சாசனத்தின் 30-ஆவது உறுப்பு தரும் பாதுகாப்பு தனிக்கதை, அதை இங்கே விடுகிறேன். ஆக, ஒரே ஒப்பந்தம் என்பது நமக்குப் புதுச் சமாச்சாரம் இல்லை. ஒரு வகைப் பள்ளிக்கு அது ஐம்பது வருடத்துக்கு முன்பே வந்துவிட்டது.

உங்கள் தோழிக்கு அது கிடைத்த காரணம் எளிது. அவருக்குச் சம்பளம் அரசு கஜானாவிலிருந்து வருகிறது. அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே பெரும்பாலும் ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் ஆசிரியர் சங்கத்தோடு தனித்தனியாகப் பேசி ஒப்பந்தம் போடும். ஹவாய் மாநிலத்தில் மட்டும் மாநிலம் முழுவதும் ஒரே பள்ளி மாவட்டம், அதனால் ஆசிரியர்களுக்கும் ஒரே ஒப்பந்தம். படியளக்கிறவர் ஒருவர் என்றால் பத்திரமும் ஒன்றாகிவிடும். திருமங்கலத்திலிருந்து மேலூர் வரைக்கும் எத்தனை தாளாளர்கள், எத்தனை அறக்கட்டளைகள்! இத்தனை பேரையும் ஒரே சம்பளத்தில் கட்டிப்போட அரசு முயன்றால், 2002-இல் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் அமர்வு டி.எம்.ஏ. பாய் வழக்கில் உதவிபெறாத நிறுவனங்களுக்குத் தந்த நிர்வாகச் சுதந்திரத்தைத் தூக்கிக்கொண்டு மறுநாளே ஒத்தக்கடைக்கு வந்துவிடுவார்கள். நம் உயர் நீதிமன்றக் கிளையைச் சொல்கிறேன்.

அதனால் மனுவில் 'ஒரே சம்பளம்' என்ற வார்த்தையே வர வேண்டாம். அரசே தன் பள்ளிகளில் நிரந்தர ஆசிரியர், பகுதிநேர ஆசிரியர், மேலாண்மைக் குழு வழியாக எடுத்த தற்காலிக ஆசிரியர் என்று மூன்று விதமாகச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அதை வைத்துக்கொண்டு தனியாரிடம் போய் என்ன கேட்கும்? நீங்கள் கேட்க வேண்டியது, எந்தப் பள்ளியும் அதற்குக் கீழே இறங்க முடியாத ஒரு ஒப்பந்தப் படிவம். அது விதியாக வர வேண்டும், சுற்றறிக்கையாக வந்தால் போதாது.

இந்த 'விதி'யை நான் ஏன் இவ்வளவு அழுத்துகிறேன் என்றால், ஆசிரியருக்குக் கதவுகள் குறைவு. 1988-இல் சுந்தராம்பாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆசிரியர் 'தொழிலாளி' இல்லை என்று சொல்லிவிட்டது. வேலையை விட்டு எடுத்தால் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகும் வழி அதோடு அடைபட்டது. சரி, உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாமே என்றால், 2022-இல் செயின்ட் மேரீஸ் கல்விச் சங்க வழக்கில், தனியார் பள்ளியோடு உள்ள வேலைத் தகராறு வெறும் ஒப்பந்தத்தைப் பற்றியது என்றால் ரிட் கிடையாது, சட்டத்தின் பலம் உள்ள பணி விதி மீறப்பட்டிருந்தால் பார்க்கலாம் என்றது அதே உச்ச நீதிமன்றம். மிச்சம் இருப்பது சிவில் வழக்கு. அதிலும் தனிநபர் உழைப்பைச் சார்ந்த ஒப்பந்தத்தைக் கட்டாயமாக நிறைவேற்றச் சொல்லி உத்தரவு வாங்குவது கடினம். நஷ்ட ஈடு கேட்கலாம், அதுவும் பல வருடம் கழித்து. உங்கள் தாளில் இருப்பதும் உங்கள் தோழியின் தாளில் இருப்பதும் வாசகத்தில் ஒன்றாகவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவருடையதன் பின்னால் ஒரு சட்டம் நிற்கிறது. உங்களுடையதன் பின்னால் தாளாளர் மட்டும்தான் நிற்கிறார்.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2018-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம், 2023-இல் விதிகளோடு நடைமுறைக்கு வந்து, மெட்ரிக், நர்சரி, உதவிபெறும் பள்ளி என்று பிரிந்து கிடந்ததை ஒரே கூரைக்குள் கொண்டுவந்தது. கல்வி 1976-இலிருந்து பொதுப் பட்டியலில் இருப்பதால் விதி செய்ய மாநிலத்துக்கு அதிகாரமும் உண்டு. கூரை போட்டாயிற்று, அதற்குள் ஆசிரியருக்கு ஒரு படிவம் கேளுங்கள் என்பதுதான் உங்கள் மனுவின் உயிர்நாடி. பன்னிரண்டு மாதச் சம்பளம் வங்கிக் கணக்கில் வர வேண்டும், நோட்டீஸ் காலம் இரு தரப்புக்கும் சமமாக இருக்க வேண்டும், எழுத்தில் குற்றச்சாட்டும் விசாரணையும் இல்லாமல் நீக்கக் கூடாது, ஒரிஜினலும் செக்கும் வாங்கக் கூடாது, ஒப்பந்தத்தின் ஒரு நகல் ஆசிரியரிடமும் இன்னொன்று தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலரிடமும் இருக்க வேண்டும். இவ்வளவு போதும். தனியார் பள்ளிகள் இயக்குநருக்கு எழுதி, ஒரு பிரதியைத் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் கொடுத்து ரசீது வாங்குங்கள். பெயர் வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயமிருந்தால் சங்கத்தின் பெயரில் கொடுங்கள். அப்புறம், யாராவது ஒரு பெற்றோர் மூலமாகத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, உங்கள் பள்ளி துறைக்குக் கொடுத்திருக்கும் ஆசிரியர் பட்டியலையும் பணி நிபந்தனைகளையும் கேட்கச் சொல்லுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். துறைக்குக் காட்டிய தாள் ஒன்று, உங்களிடம் நீட்டிய தாள் வேறொன்று என்பதை நான் ஒரு தடவைக்கு மேல் பார்த்துவிட்டேன்.

இனி உங்கள் தாள். 20 கிலோமீட்டர் நிபந்தனையை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். வேலையை விட்ட பிறகும் பிழைப்பைத் தடுக்கும் வாசகம், ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவில் செல்லாது. திருமங்கலத்திலிருந்து 20 கிலோமீட்டர் என்றால் மதுரை ஊரில் ஒரு பெரும் பகுதி அதற்குள் வந்துவிடுகிறது. பிறகு எங்கே போய்ப் பாடம் நடத்துவது?

மூன்று மாதச் சம்பளம் அப்படி லேசில்லை. குறிப்பிட்ட காலம் வேலை பார்க்காவிட்டால் பணம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையை 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அது பொதுத்துறை வங்கி, தேர்வு வைத்து ஆள் எடுக்கும் செலவைக் காட்டினார்கள். உங்கள் பள்ளி என்ன செலவு செய்தது? 74-ஆம் பிரிவுப்படி, எழுதியிருக்கும் தொகை உச்ச வரம்புதான், நியாயமான இழப்பீடு மட்டுமே கிடைக்கும். ஆனாலும் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது கணக்கு டீச்சர் நின்றால், நீதிபதி பள்ளி பக்கம் கொஞ்சம் சாய்வார். நானே நீதிபதியாக இருந்தாலும் சாய்வேன். காரணமில்லாமல் நீக்கும் வாசகத்தை 1986-இல் பிரஜோ நாத் கங்கூலி வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அது அரசு நிறுவனத்தைப் பற்றிய தீர்ப்பு, உங்கள் பள்ளிக்கு அப்படியே பொருந்தாது. அதனால் 'இரு தரப்பும் ஒரு மாத நோட்டீஸ்' என்று திருத்தித் தரக் கேளுங்கள். மறுத்தாலும், கேட்டதற்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி இருக்கட்டும்.

பதினொரு மாதக் கணக்குக்கு ஒரு காரணம் உண்டு: கிராஜுவிட்டி, அதாவது தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு விலகும்போது தரும் பணிக்கொடை. ஆசிரியருக்கு அது உண்டு என்று 2009-இல் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3-லிருந்தே பொருந்தும் என்றார்கள். பள்ளிகள் எதிர்த்துப் போய் 2022-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றன. கடைசிச் சம்பளம் 13,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்தால் 7,500. ஆறு வருடத்துக்கு 45,000. மே மாதத்தை வெட்டிவிட்டால் சேவை முறிந்துவிடும் என்று நிர்வாகம் நினைக்கிறது. உங்கள் தவறு இல்லாமல் வேலை நின்ற நாள் சேவையை முறிக்காது என்பதும், ஆறு நாள் வாரத்தில் 240 நாளும் ஐந்து நாள் வாரத்தில் 190 நாளும் வேலை பார்த்திருந்தால் ஒரு வருடம் என்பதும் 1972-ஆம் ஆண்டு கிராஜுவிட்டிச் சட்டத்தின் கணக்கு. 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் அதே கணக்குத்தான். ஆறு வருடத்துக்குமான பாஸ்புக் பதிவு, கால அட்டவணை, தேர்வுப் பணி உத்தரவு எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

ஒரிஜினல் சான்றிதழைக் கொடுக்கவே கூடாது. சரிபார்க்க நேரில் காட்டி, நகலைக் கொடுத்து, ஒரிஜினலோடு வீட்டுக்கு வாருங்கள். சான்றிதழ் அடகுப் பொருள் இல்லை, அதைப் பிடித்து வைக்கும் உரிமை யாருக்கும் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் கொடுத்துவிட்டு மீட்பதற்கு வழக்குப் போட்டால் அடுத்த ஜூன் வந்துவிடும். மற்றபடி, வேறு வேலை கையில் இல்லாத வரைக்கும் கையெழுத்துப் போடலாம். எல்லாப் பக்கத்திலும் தேதியோடு போடுங்கள், காலி இடம் இருந்தால் கோடிட்டு அடையுங்கள், நகல் கேளுங்கள்.

எனக்கு உண்மையான கவலை அந்தச் செக்தான். கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக்கில் வேறு யாரோ தொகை எழுதினாலும், கடனுக்காகக் கொடுத்தது என்றுதான் நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். 2019-இல் பீர் சிங் வழக்கில் அப்படித்தான் தீர்ப்பு. இல்லை என்று நிரூபிப்பது உங்கள் தலையில் விழும். வங்கியில் சொல்லி நிறுத்தி வைத்தாலும், செக் பணமாகாமல் திரும்பினால் போடும் 138-ஆம் பிரிவு வழக்கு வரத்தான் செய்யும். அதனால் செக் புத்தகத்தின் அடிக்கட்டையைப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டு, 'இன்ன எண்ணுள்ள செக்கைத் தொகை எழுதாமல் உத்தரவாதத்துக்காக மட்டும் வாங்கினீர்கள், நான் உங்களுக்கு எந்தக் கடனும் தர வேண்டியதில்லை, திருப்பித் தாருங்கள்' என்று மூன்று வரியில், சண்டை போடாத தொனியில், ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும். எழுதித் தர ஆள் வேண்டுமென்றால் மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் அங்கே வக்கீல் இலவசம்.