பெண்பிள்ளைகள் அணியில் பாஸ் கொடுக்க வைப்பது எப்படி?

கேட்டவர் எழுதியிருப்பது இது: "11 வயதுப் பெண்பிள்ளைகளுக்குக் காற்பந்து சொல்லித்தருகிறேன். பந்து கிடைத்தால் யாரும் பாஸ் கொடுப்பதில்லை, சுயநலமாக ஆடுகிறார்கள். அணியாக ஆட வைப்பது எப்படி?"

அந்தச் 'சுயநலம்' என்ற சொல்தான் என்னை எழுத வைத்தது. நானும் அப்படி நினைத்தவள்தான். நினைத்ததோடு நிற்காமல் ஒரு பிள்ளையின் முகத்துக்கு நேராகச் சொல்லியும் விட்டேன்.

நீங்களும் என்னைப் போலத் தொண்டூழியராகத்தான் இருப்பீர்கள். சனிக்கிழமை, பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள், அதில் இரண்டு பேர் டியூஷனுக்குப் பாதியில் கிளம்பிவிடுவார்கள். நான் சிங்கப்பூரில், ஈசூனில் ஏழு வருடமாக இதைச் செய்கிறேன். தொடக்கநிலை 4 முதல் 6 வரை படிக்கிற பிள்ளைகள், எல்லா இனத்தவரும் கலந்த அணி. பெரிய சான்றிதழ் எதுவும் என்னிடம் இல்லை. படித்துப் பட்டம் வாங்கிய பயிற்றுநர்கள் வேறு மாதிரி சொல்லலாம், சொல்லட்டும். நான் பார்த்ததை எழுதுகிறேன்.

எங்கள் அணியில் 7ஆம் எண் சட்டை போட்ட பிள்ளை ஒருத்தி. கால் வேலை அபாரம். ஆனால் பந்து கிடைத்தால் தலையைக் குனிந்துகொண்டு ஓடுவாள். மூன்று பேரைத் தாண்டுவாள், நான்காவது ஆளிடம் பறிகொடுப்பாள். மற்ற பிள்ளைகள் வெல்லத்தை மொய்க்கும் ஈ மாதிரி பந்தையே சுற்றி வருவார்கள். நான் கோட்டுக்கு வெளியே நின்று "பாஸ் கொடு, பாஸ் கொடு" என்று தொண்டை கிழியக் கத்துவேன்.

ஒரு நட்புமுறை ஆட்டத்தில் இடைவேளைக்குள் நான்கு கோல் வாங்கிவிட்டோம். கோபத்தில் எல்லார் முன்னாலும் அவளைக் கேட்டேன்: "நீ ஒருத்தியே ஆடுவதென்றால் மற்றவர்கள் எதற்கு?" அவள் பதில் சொல்லவில்லை. பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தாள், கட்டினாள், மறுபடி அவிழ்த்தாள். அடுத்த வாரத்திலிருந்து பந்து காலுக்கு வந்த மறுநொடியே எங்கேயாவது உதைத்துத் தள்ளிவிடுவாள். பாதி நேரம் கோட்டைத் தாண்டிப் போகும். நான் கேட்ட பாஸ் இதுதானா என்று எனக்கே சங்கடமாகிவிட்டது.

அப்புறம் ஒரு நாள் மின்னல் எச்சரிக்கை வந்தது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பக்கத்து அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்துக்கு ஓடினோம். அங்கே தூணில் 'பந்து விளையாடக் கூடாது' என்ற அறிவிப்பு. வானம் எப்போது தெளியும் என்று தெரியாது. என் முகம் துடைக்கும் துண்டைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டேன். நாலு பேருக்கு நாலு பேர். துண்டு கையில் இருந்தால் ஓரடிகூட நகரக்கூடாது, தோழிக்கு எறிய வேண்டும். கீழே விழாமல் ஐந்து தடவை கை மாறினால் ஒரு புள்ளி.

அன்றைக்கு எல்லாரையும்விட நன்றாகப் பாஸ் கொடுத்தது அந்த 7ஆம் எண்தான். இடது பக்கம் பார்த்துக்கொண்டே வலது பக்கம் எறிந்தாள். தூணுக்குப் பின்னால் நின்ற தோழியைக் கண்ணாலேயே வெளியே கூப்பிட்டு, அவள் வந்து சேரும் இடத்துக்குத் துண்டை அனுப்பினாள். நான் வாயடைத்துப் போய் நின்றேன். கையில் இருக்கும் துண்டைப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை, அதனால் கண் மற்றவர்கள் மேல் போனது. காலில் பந்து இருக்கும்போது அவள் கண் முழுக்கப் பந்தில்தான். தோழிகளைப் பார்க்கவே முடியாதவளிடம் நான் மாதக்கணக்கில் பாஸ் கேட்டுக் கத்தியிருக்கிறேன்.

இன்னொன்றும் தெரிந்தது. துண்டு கிடைக்காத பிள்ளைகள் இரண்டு நிமிடத்தில் தாங்களாகவே மறைவிலிருந்து விலகி நிற்கக் கற்றுக்கொண்டார்கள். திடலில் அதே பிள்ளைகள் எதிரணி ஆளின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு "எனக்குக் கொடு" என்பார்கள். அங்கே யாரால் கொடுக்க முடியும்?

அடுத்த சனிக்கிழமை எல்லார் முன்னாலும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். முன்னால் வைத்துத் திட்டியதற்கு முன்னால் வைத்துத்தானே கேட்க வேண்டும்.

அதற்குப் பிறகு பயிற்சியையே மாற்றிவிட்டேன். ஒருத்தி பந்தை உருட்டுவாள், எதிரே இன்னொருத்தி வாங்குவாள். வாங்குகிறவளுக்குப் பின்னால் நான் விரலைக் காட்டிக்கொண்டு நிற்பேன். பந்து வந்து சேர்வதற்குள் திரும்பிப் பார்த்து எத்தனை விரல் என்று சொல்ல வேண்டும். முதல் நாள் 7ஆம் எண்ணுக்குப் பத்துக்கு இரண்டுதான் சரி. திரும்பினால் பந்து காலுக்கடியில் போய்விடும், பந்தை நிறுத்தினால் விரலைப் பார்த்திருக்க மாட்டாள். ஒரு மாதம் போனது. பிறகு ஆட்டத்திலும் பந்து வருவதற்கு முன்னாலேயே அவள் தலை திரும்பியது. அதைப் பார்த்த நாள் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

எட்டடிச் சதுரம் போட்டு நாலு பேர் சுற்றி, ஒருத்தி நடுவில் நின்று பந்தைப் பறிக்கிற ஆட்டம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அடி என்பது அளவுகோல் அடி இல்லை, பிள்ளைகள் பெரிதாக எடுத்து வைக்கிற காலடி. பறிகொடுத்தவள் நடுவில் போக வேண்டும் என்பதுதான் வழக்கமான விதி. நான் அதை எடுத்துவிட்டேன். 40 விநாடிக்கு ஒருத்தி, முறைவைத்து எல்லாரும் போவார்கள். தண்டனையாக வைத்தால் சுமாராக ஆடுகிற பிள்ளைக்கு யாரும் பந்தே தரமாட்டார்கள்.

குரல் கொடுப்பதும் முக்கியம். எங்கள் பிள்ளைகள் எந்த இனமானாலும் "சினி, சினி" என்றுதான் கத்துவார்கள். மலாயில் 'இங்கே'. ஒரு பிள்ளைக்குக் குரலே வராது, கூச்சம். அவளை இரண்டு தடவை கைதட்டச் சொன்னேன். இப்போது கைதட்டல் கேட்டாலே பந்து அவள் பக்கம் போகும்.

எல்லாரும் தொட்ட பிறகுதான் கோல் போடலாம் என்ற விதியைச் சிலர் சொல்வார்கள். நானும் வைத்துப் பார்த்தேன், எனக்குச் சரிவரவில்லை. காலியான கோல் முன்னால் நின்றுகொண்டு பின்னால் பாஸ் கொடுக்கிறார்கள். இந்த வயதில் தனியாக எடுத்துப்போய் ஆடுவதைத் தடுக்கலாமா என்று சண்டைக்கு வருகிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன், நான் தடுக்கவே இல்லை. 7ஆம் எண் கடைசிவரை மூன்று பேரைத் தாண்டிக்கொண்டுதான் இருந்தாள். நான்காவது ஆள் வருவதற்குள் தலை நிமிரும், அவ்வளவுதான்.

பெற்றோரிடமும் பேசுங்கள். ஒரு அப்பா கோலுக்கு 5 வெள்ளி என்று மகளிடம் சொல்லி வைத்திருந்தார். அன்பில்தான் செய்தார், ஆனால் அந்தப் பிள்ளை ஏன் பாஸ் கொடுப்பாள்? தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன், புரிந்துகொண்டார். கோல் விழுந்தால் நான் முதலில் சொல்வது பாஸ் கொடுத்தவளின் பெயரை.

எதிரணிப் பிள்ளைகள் உயரமாக இருந்தால் எங்களவர்கள் சோர்ந்துவிடுவார்கள். அப்போது 2011 மகளிர் உலகக் கிண்ண இறுதியாட்டத்தைச் சொல்வேன். ஃபிராங்ஃபர்ட்டில் அமெரிக்காவுடன் மோதியது ஜப்பான், உடம்பளவில் சின்ன அணி. இரண்டு முறை பின்தங்கியது. 117ஆம் நிமிடத்தில் ஹோமாரே சாவா கோல் போட்டு 2-2 ஆக்கினார், பெனால்டியில் 3-1 என்று ஜப்பான் வென்றது. அந்த அணியின் பலமே பாஸ்தான்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தத் துண்டு ஆட்டத்தின்போதே மாடியிலிருந்து ஒருவர் இறங்கி வந்து புகார் செய்வேன் என்றார். பந்தே இல்லை, துண்டு, மத்தியானம் மூன்று மணி. வந்தவர் என்னிடம் பேசவும் இல்லை. தண்ணீர் பாட்டில் தூக்கி வந்த என் கணவரைப் பார்த்து "நீங்கள்தானே கோச்?" என்றார். திடலிலும் அதே கதைதான். எங்கள் நேரம் வந்த பிறகும் பெரிய ஆண்கள் "இன்னும் ஐந்து நிமிடம்" என்று ஆடிக்கொண்டிருப்பார்கள். பிள்ளைகள் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு வயிறு எரியும்.

7ஆம் எண் இப்போது உயர்நிலை 2. பரீட்சை இல்லாத சனிக்கிழமைகளில் வருவாள். சின்னப் பிள்ளைகளுக்குப் பின்னால் நின்று விரல் காட்டுவது இப்போது அவள் வேலை.

வரும் வாரம் ஒரு துண்டு கொண்டு போங்கள். இறுக்கிச் சுருட்டி ரப்பர் பேண்ட் இரண்டு போடுங்கள், ஒன்று போட்டால் நாலாவது எறிதலிலேயே அவிழ்ந்துவிடும்.