சோளப்பாம்புக் குட்டி இரையைத் தொட மறுத்தால்

வாசகர் கேள்வி: இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் வசிக்கிறோம். பன்னிரண்டு வயது மகனுக்காக ஐந்து வாரங்களுக்கு முன்பு ஒரு சோளப்பாம்புக் குட்டியை வாங்கி, மூன்றடி நீளமுள்ள கண்ணாடித் தொட்டியில் வைத்திருக்கிறோம். கடையில் கொடுத்த உறைந்த சுண்டெலிக் குஞ்சுகளை இளக்கி, இரண்டு நாளுக்கு ஒருமுறை இடுக்கியில் பிடித்துக் காட்டுகிறேன். ஒவ்வொரு முறையும் பின்வாங்கி ஒளிந்துகொள்கிறது. இதுவரை ஒன்றைக்கூடத் தின்னவில்லை. வாயைத் திறந்து நாங்களே ஊட்டிவிடலாமா? ஊரிலிருக்கும் அம்மா, கொஞ்சம் பால் வைத்துப் பார்க்கச் சொல்கிறார்.

பதில்: வாயைத் திறந்து ஊட்டும் எண்ணத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். முட்டையிலிருந்து வெளிவரும் சோளப்பாம்புக் குட்டியின் வயிற்றில் மஞ்சள் கருவின் மிச்சம் இருக்கும். ஏழு முதல் பத்து நாட்களில் முதல் சட்டையை உரிக்கும்வரை பெரும்பாலான குட்டிகள் இரையைத் தேடுவதே இல்லை. அதற்குப் பிறகும் சில குட்டிகள் பல வாரங்கள் பிடிவாதமாக இருந்துவிட்டு, ஒருநாள் எதுவும் நடக்காததுபோல் தின்னத் தொடங்கும். எனவே ஐந்து வாரம் என்பதை வைத்து மட்டும் முடிவு கட்ட முடியாது. அதன் எடை என்ன, வாங்குவதற்கு முன்பு அது தானாகத் தின்றதா என்ற இரண்டும் தெரிந்தால்தான் அடுத்து என்ன செய்வதென்று சொல்ல முடியும்.

விற்ற கடையைத் தொடர்பு கொண்டு, குட்டி எத்தனை முறை தின்றது, உறைந்து இளகிய குஞ்சையா உயிருள்ளதையா தின்றது, கடைசியாகத் தின்றது எந்தத் தேதியில் என்று கேளுங்கள். பொறுப்புள்ள வளர்ப்பாளர்கள், தொடர்ந்து சில முறை தானாகத் தின்ற குட்டியையே விற்பார்கள். அங்கே தின்ற குட்டி உங்கள் வீட்டில் மறுக்கிறதென்றால் குறை பெரும்பாலும் இருப்பிடத்தில் இருக்கிறது. அங்கேயும் தின்றதில்லை என்றால், சுண்டெலி இரை என்பதையே அது இன்னும் அறியவில்லை. அதற்கான வழியைப் பின்னால் சொல்கிறேன்.

எடை பார்ப்பதற்கு 0.1 கிராம் வரை காட்டும் சிறிய மின் தராசு வேண்டும். மூடியுள்ள சிறு டப்பாவை முதலில் நிறுத்து, பிறகு குட்டியை அதனுள் விட்டு நிறுத்து, வாரத்திற்கு ஒருமுறை குறித்து வையுங்கள். புதிதாகப் பொரித்த குட்டி பொதுவாக 5 முதல் 8 கிராம் வரை இருக்கும். 6 கிராம் குட்டி 0.6 கிராம் இழந்தால் அது உடலில் பத்தில் ஒரு பங்கு. அந்த அளவைத் தாண்டினாலோ, முதுகெலும்பு வரப்புபோல் துருத்தினாலோ, தோல் தொளதொளத்து மடிந்தாலோ, வாயோரம் நுரை கண்டாலோ ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

பால் வேண்டாம். புற்றுக்குப் பால் வார்க்கும் வழக்கத்தில் வளர்ந்த நமக்கு இது முரணாகத் தோன்றலாம். ஆனால் பாலைச் செரிக்கும் வயிறு பாம்புக்கு இல்லை, கடும் தாகத்தில் தவித்தால்தான் அதைக் குடிக்கும். அம்மாவின் மனம் ஆற, ஒரு சிறிய கிண்ணத்தில் சுத்தமான தண்ணீரை எப்போதும் வைத்திருங்கள்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், முதல் சந்தேகம் அந்த மூன்றடித் தொட்டியின் மேல்தான் விழுகிறது. பென்சில் கனம்கூட இல்லாத உயிருக்கு அது திறந்த மைதானம். பருந்தும் பூனையும் எங்கிருந்தும் வரலாம் என்ற அச்சத்தில் இருக்கும் குட்டிக்குப் பசி பின்னால்தான் வரும். காலணிப் பெட்டி அளவுள்ள, காற்றுத் துளைகள் இட்ட, மூடி இறுகப் பொருந்தும் பிளாஸ்டிக் பெட்டிக்கு அதை மாற்றுங்கள். தரையில் சமையலறைத் தாள்துண்டு போதும். பெட்டியின் இரு முனைகளிலும், சுருண்டு படுத்தால் உடலின் பக்கங்கள் சுவரைத் தொடும் அளவுக்கு இறுக்கமான மறைவிடம் ஒவ்வொன்று இருக்கட்டும். சூடான முனையின் தரை 28 முதல் 30 டிகிரி செல்சியசும், மறுமுனை 22 முதல் 24 டிகிரியும் இருக்க வேண்டும். பெட்டிக்கு அடியில் வைக்கும் சூடேற்றும் விரிப்பான ஹீட் மேட்டை, வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் இயக்காதீர்கள். வெப்பத்தையும் சுவரில் ஒட்டும் வட்ட மீட்டரை நம்பாமல், உணர்கம்பி உள்ள டிஜிட்டல் வெப்பமானியைத் தரையில் வைத்தே அளவிடுங்கள். போதிய சூடில்லாத இடத்தில் விழுங்கிய இரை செரிக்காமல் வயிற்றில் கெடும் என்பதால், குளிர்ந்திருக்கும் பாம்பு தின்ன மறுப்பதில் வியப்பில்லை.

இவ்வாறு மாற்றிய பின் ஒரு முழு வாரம் இரையும் வேண்டாம், கையில் எடுப்பதும் வேண்டாம். மகனுக்கு இது கடினமான வாரமாக இருக்கும். தண்ணீர் மாற்றுவதையும் வெப்பநிலையைக் குறிப்பேட்டில் எழுதுவதையும் அவனிடமே ஒப்படையுங்கள்.

ஒரு வாரம் கழிந்ததும் இரை வைக்கலாம். ஒன்று முதல் இரண்டு கிராம் எடையுள்ள, ரோமம் முளைக்காத குஞ்சாக இருக்கட்டும். பாம்பின் உடல் மிகத் தடித்திருக்கும் இடத்தைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் பருமன் கூடாது. முந்தின இரவே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் இளகவிட்டு, நெகிழிப் பையில் இட்டு, கை பொறுக்கும் வெந்நீரில் பத்து நிமிடம் அமிழ்த்தி, ஈரத்தைத் துடைத்துவிடுங்கள். மைக்ரோவேவில் சூடாக்கினால் உள்ளே வெந்து, சில சமயம் வெடித்தும் போகும். இடுக்கியையும் சில வாரங்களுக்கு எடுத்து வைத்துவிடலாம்: தலைக்கு மேலிருந்து இறங்கும் எதுவும் இந்த வயதில் எதிரிதான். இருட்டிய பிறகு குஞ்சை மறைவிடத்தின் வாசலில் வைத்து, விளக்கை அணைத்துவிட்டு அறையை விட்டு வெளியேறுங்கள். நடுவில் எட்டிப் பார்க்காதீர்கள். காலையில் தொடாமல் இருந்தால் எறிந்துவிட்டு, மீண்டும் ஐந்து நாள் விடுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை காட்டுவதால் குஞ்சின் மணமும் பயமும் அதன் நினைவில் ஒன்றாகப் பதிகின்றன என்பது என் எண்ணம்.

இரு முறை இப்படியும் மறுத்தால் கிண்ணத்து வழிக்கு வருவோம். என்னிடம் பொரித்த ஒரு குட்டி ஏழு வாரம் எதையும் தின்னாமல் இருந்தது. மூடியில் ஊசியால் துளையிட்ட தயிர்க் கிண்ணத்தில், கசக்கிய டிஷ்யூ தாளைப் பரப்பி, இளஞ்சூடான குஞ்சொன்றை ஓரத்தில் வைத்து, குட்டியையும் உள்ளே விட்டு மூடி, பெட்டியின் நடுப்பகுதியில் இரவு முழுவதும் வைத்தேன். காலையில் மூடியைத் திறந்தபோது தாளுக்குள் சுருண்டு கிடந்தது, குஞ்சைக் காணவில்லை, உடலின் நடுவில் மட்டும் சிறு புடைப்பு தெரிந்தது. ஒடுங்கிய இடமும் இருளும் ஓடுவதற்கு வழியற்ற நெருக்கமும் சேர்ந்துதான் அதைத் தின்னவைத்தன. கிண்ணத்தை ஹீட் மேட்டின் நேர் மேலே வைத்துவிடாதீர்கள், உள்ளே வெப்பம் தேங்கி ஆபத்தாகும்.

அதற்கும் மசியாத குட்டியிடம் மணத்தைக் கொண்டுதான் பேச வேண்டும். பாம்பு நாக்கை நீட்டிச் சேகரிக்கும் மணத்துகள்களை மேலண்ணத்திலுள்ள ஜேக்கப்சன் உறுப்பு படித்துச் சொல்கிறது. அது இரை என்று சொல்லாத எதையும் குட்டி தீண்டாது. சோளப்பாம்பின் தாயகம் அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்கள். அங்கே குட்டிகள் முதலில் பிடிப்பது பெரும்பாலும் சிறு பல்லிகளையும் மரத்தவளைகளையும்தான். எலி வேட்டை வளர்ந்த பிறகு வருவது. ஆகவே முதலில் குஞ்சை மணமில்லாத சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்கு அலசி, துடைத்து வைத்துப் பாருங்கள். அதற்கும் மறுத்தால் ஊசியால் குஞ்சின் மண்டையைக் குத்தி, கசியும் மூளையை மூக்கின் மேல் தடவுங்கள். அருவருப்பாக இருக்கும், ஆனால் இதைவிட அதிகம் பலித்த முறை என் அனுபவத்தில் வேறில்லை. கடைசியாகப் பல்லி மணம்: அனோல், கெக்கோ போன்ற பல்லி வளர்க்கும் நண்பரிடமிருந்து உரித்த சட்டையை வாங்கி, நனைத்து, குஞ்சின் மேல் தேய்க்கலாம். நோயற்ற, வீட்டில் வளர்ந்த பல்லியாக இருக்க வேண்டும்; காட்டில் பிடித்ததிலிருந்து ஒட்டுண்ணிகள் தொற்றும். டின் மீனின் தண்ணீரைத் தடவச் சொல்வோரும் உண்டு, எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. ஒரு முயற்சியில் ஒரு மாற்றத்தை மட்டும் செய்யுங்கள். எது பலித்தது என்று தெரிந்தால்தான் அடுத்தடுத்த வேளைகளில் அந்த மணத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து, வெறும் குஞ்சுக்குப் பழக்க முடியும்.

இவை அனைத்தும் தோற்று, எடையும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இறங்கிய பிறகுதான் நீங்கள் கேட்ட ஊட்டுதல் வருகிறது. அப்போதும் குஞ்சைத் தொண்டைக்குள் தள்ளுவதில்லை; ஈரப்படுத்திய சிறு குஞ்சின் தலையை மெதுவாக வாய்க்குள் நுழைத்து, தாடை கவ்வியதும் கீழே வைத்து அசையாமல் காத்திருந்தால், குட்டி தானே விழுங்கும். நூல் கனமுள்ள அந்தத் தாடையும் பற்களும் எளிதில் சேதமாகும் என்பதால், முதல் முறை மருத்துவரோ அனுபவமுள்ள வளர்ப்பாளரோ செய்வதை அருகிலிருந்து பாருங்கள்.

கண்கள் நீலம் பூத்து மங்கலானால் சட்டை உரிக்கப் போகிறதென்று பொருள். உரித்து முடியும்வரை இரை வைக்காதீர்கள். தின்ற பிறகு 48 மணி நேரம் தொடாதீர்கள். விழுங்கியதை வெளியே தள்ளிவிட்டால் பத்து நாளாவது வயிற்றுக்கு ஓய்வு கொடுத்து, அதைவிடச் சிறிய குஞ்சை வையுங்கள். ஊர்வனவற்றின் உடலில் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும் என்பதால், பெட்டியைச் சமையலறைத் தொட்டியில் கழுவாமல், ஒவ்வொரு முறையும் சோப்பால் கை கழுவுங்கள். ஆறேழு நாள் இடைவெளியில் தொடர்ந்து மூன்று வேளை தானாகத் தின்றுவிட்டால், மகன் அதைக் கையில் எடுக்கலாம். முதல் சில நாட்கள் ஐந்து நிமிடத்திற்கு மேல் வேண்டாம்.