மேய்ச்சலால் புல்வெளியில் தாவர வகைகள் கூடுமா, குறையுமா?

ஒரு புல்வெளியில் எத்தனை வகைப் புல், பூண்டு, கொடி சேர்ந்து வளர்கின்றன என்பதே அதன் தாவரப் பன்மை. மேய்ச்சல் அதைக் கூட்டவும் செய்யும், குறைக்கவும் செய்யும். முன் பெஞ்சில் நெட்டையர்கள் உட்கார்ந்தால் பின்னால் இருப்பவர்களுக்குக் கரும்பலகை தெரியாது அல்லவா? உயரமான புல்லும் அப்படித்தான் வெயிலை மறைக்கிறது. மாடு அதைக் கடித்தால் சின்னச் செடிகளுக்கு வெளிச்சம் கிடைக்கும். காங்கேயம் பக்கத்தில் கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களில் கிளுவைச் செடியால் வேலி கட்டி, ஒரு காட்டுக்கு ஓய்வு விட்டு அடுத்ததில் மேய்ப்பது கொழுக்கட்டைப் புல் மறுபடி தழைக்கத்தான். மழை பொய்த்த வருஷத்திலும் அதே எண்ணிக்கை மாடுகளை விட்டால், மாடு தொடாத முள்ளும் கசப்புச் செடியும்தான் மிஞ்சும். சரி, மாட்டை அடியோடு விரட்டினால் புல்வெளி பிழைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். பல இடங்களில் அப்போது ஓரிரு புல்லும் புதரும் எல்லாவற்றையும் மூடிவிடுகின்றன.