கனடாவில் வர்த்தகக் குறி: மைத்துனர் பெயரில் பதியலாமா?

சுன்னாகத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "வீட்டோடு மில் போட்டுக் கறித்தூள், ஒடியல்மா, மோர்மிளகாய் செய்து விற்கிறோம். பைக்கற்றில் இருப்பது என் அம்மம்மாவின் பெயர். இலங்கையில் அதை ட்ரேட்மார்க்காகப் பதிந்து இரண்டு வருடமாகிறது. ஸ்காபரோவில் என் மைத்துனர் எங்கள் சாமானை இறக்கித் தமிழ்க் கடைகளுக்குக் கொடுக்கிறார். கனடாவிலும் பதியவேண்டும், தன் பெயரில் பதிந்தால் சுலபம், செலவையும் தானே பார்ப்பதாகச் சொல்கிறார். சம்மதிக்கலாமா?"

சம்மதிக்க வேண்டாம். செலவை அவர் பார்த்தால் பார்க்கட்டும். விண்ணப்பத்தில் உரிமையாளர் என்ற இடத்தில் உங்கள் பெயர்தான் இருக்கவேண்டும்.

அவர் நல்லவரா என்பது இங்கே கேள்வியே இல்லை. உறுதி ஒருவர் பெயரில், காணியை ஆளுவது இன்னொருவர் என்று இருந்து, பிள்ளைகள் காலத்தில் கோர்ட்டுக்குப் போன குடும்பங்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வர்த்தகக் குறியும் சொத்துத்தான். நாளைக்கு மைத்துனர் தன் வியாபாரத்தை விற்றால் அதோடு சேர்ந்து போகும். கடன்பட்டால் கடன்காரர் கை வைப்பார். பிறகு நீங்கள் வேறொருவருக்குச் சாமான் அனுப்ப நினைத்தால், உங்கள் அம்மம்மாவின் பெயரைப் போடக்கூடாது என்று உங்களையே தடுக்க அவருக்குச் சட்டம் இடம் கொடுக்கும்.

கனடாவில் குடியிருப்பவர்தான் அங்கே பதியலாம் என்றும் இல்லை. சுன்னாகத்தில் இருந்தபடியே, அங்குள்ள உரிமம் பெற்ற வர்த்தகக் குறி முகவர் ஒருவர் மூலம் வர்த்தகக் குறிகளைப் பதியும் கனடியப் புலமைச் சொத்து அலுவலகத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

இலங்கைப் பதிவு இலங்கைக்குள் மட்டுமே செல்லும். பிரதேச செயலகத்தில் எடுத்த வியாபாரப் பெயர்ப் பதிவுக்கு அந்த அளவு பலம்கூட இல்லை. வர்த்தகக் குறி போன்ற சொத்துகள் பற்றி நாடுகளுக்கிடையே உள்ள பாரிஸ் உடன்படிக்கையின்படி, இங்கே விண்ணப்பித்து 6 மாதத்துக்குள் கனடாவிலும் விண்ணப்பித்திருந்தால் இங்குள்ள திகதியே அங்கும் உங்களுக்குக் கிடைத்திருக்கும். அந்தக் காலம் கடந்துவிட்டது. அதற்காகக் கதவு மூடிவிடவில்லை, விண்ணப்பிக்கும் நாளிலிருந்து உங்கள் இடம் எண்ணப்படும், அவ்வளவுதான். அதனால் தள்ளிப்போடாதீர்கள். புதிதாகத் தொழில் தொடங்குபவர்கள் இந்த 6 மாதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் வேறொரு பலம் இருக்கிறது. 2019 ஜூன் 17க்குப் பிறகு கனடாவில் ஒரு பெயரைப் பயன்படுத்தாமலே பதியலாம். ஆனாலும் முதலில் பயன்படுத்தியவரின் உரிமை போய்விடவில்லை. உங்கள் பைக்கற்றுகள் அங்கே ஏற்கெனவே விற்பனையில் இருப்பதால், வேறு யாராவது அதே பெயருக்கு விண்ணப்பித்தால் நீங்கள் எதிர்க்கலாம். விண்ணப்பம் அந்தக் கனடிய அலுவலகத்தின் சஞ்சிகையில் வெளியாகி 2 மாதத்துக்குள் எதிர்ப்பைத் தெரிவிக்கவேண்டும். தவறவிட்டால், பதிவை ரத்துச் செய்யும்படி கேட்கலாம். ஆனால் பதிந்து 5 வருடம் கடந்துவிட்டால் முந்திய பயன்பாட்டைக் காட்டி வெல்வது மிகக் கடினம், பதிந்தவர் அது உங்கள் பெயர் என்று தெரிந்துகொண்டே எடுத்தார் என்று நிரூபிக்கவேண்டி வரும். இதற்கெல்லாம் சாட்சி கடதாசிதான். முதல் தடவை அனுப்பிய பில், கப்பலில் ஏற்றிய பத்திரம், அப்போதைய பைக்கற்றின் படம், எல்லாவற்றையும் திகதியோடு ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள்.

இப்போது உங்கள் பைக்கற்றை எடுத்துப் பாருங்கள். பெரிய எழுத்தில் அம்மம்மாவின் பெயர், அநேகமாக ஒரு பனைமரம், கீழே "யாழ்ப்பாணக் கறித்தூள்" என்று இருக்கும். கடைசி வரியை உங்களுக்கென்று யாரும் பதிந்து தரமாட்டார்கள், அது பொருளும் ஊரும். "ஒடியல்மா" என்பதைத் தமிழில் எழுதினாலும் அதே கதைதான். எந்த மொழியிலும் பொருளின் பெயரைத் தனியொருவருக்குக் கனடியச் சட்டம் கொடுக்காது. பனைமரம் எங்கள் பக்கத்துப் பைக்கற்றுகளில் பாதியில் நிற்கிறது, அதை நம்பாதீர்கள். பெயரைத்தான் பதியவேண்டும். தமிழ் எழுத்தில் பதிவதானால் ஆங்கில எழுத்து வடிவத்தையும் சொல்லின் கருத்தையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும்.

ஒரு சிக்கலைச் சொல்லவேண்டும். வெறும் ஆட்பெயராகவோ குடும்பப் பெயராகவோ தெரிகிற சொல்லைக் கனடா இலகுவில் பதியாது. எங்கள் ஆட்களுக்கு அங்கே அப்பாவின் பெயரே குடும்பப் பெயராகிவிடுகிறது. அதனால் ஐயாவின் பெயரில் மில் நடத்துபவர்கள் அங்கே மாட்டுப்படுகிறார்கள். பாட்டிமாரின் பெயர் குடும்பப் பெயராவது அரிது என்பதால் உங்களுக்கு வாய்ப்பு நல்லது. இருந்தாலும் கனடிய வர்த்தகக் குறித் தரவுத்தளத்தில், ஒலிப்பு ஒன்றாக வரும் எல்லா எழுத்துக்கூட்டலிலும் தேடிப் பாருங்கள். காசு கேட்கமாட்டார்கள். சாமான்களை வகுப்புகளாகப் பிரித்து இலக்கம் கொடுத்திருக்கிறார்கள், கட்டணம் அந்த வகுப்புக் கணக்கு: கறித்தூளும் ஒடியல்மாவும் வகுப்பு 30, மோர்மிளகாயும் ஊறுகாயும் 29. விற்காத சாமானுக்கு வகுப்பு எடுத்துக் காசை வீணாக்காதீர்கள். பதிந்தபின் 3 வருடம் பயன்படுத்தாமல் இருந்தால் நீக்கும்படி எவரும் கேட்கலாம்.

சரி, மைத்துனருக்கு என்ன செய்வது? உரிமையைக் கொடுக்காமல் அனுமதியைக் கொடுங்கள், எழுத்தில். பெயர் உங்களுடையது, அவர் விற்கலாம். தரத்தைத் தீர்மானிப்பது நீங்கள். அவர் இந்தப் பெயரையோ இதுபோன்ற ஒன்றையோ இணையமுகவரி, ஃபேஸ்புக் பக்கம் உட்படத் தன் பெயரில் எடுக்கக்கூடாது. தொடர்பு முடிந்தால் பயன்பாடும் முடியும். தரம் உங்கள் கட்டுப்பாட்டில் இருந்தால்தான் அவர் விற்பது உங்கள் பயன்பாடாகக் கணக்கில் வரும். லேபிளில் தயாரிப்பாளர் நீங்கள், இறக்குமதியாளர் அவர் என்று தனித்தனியாகப் போடுங்கள். கேட்க மனதுக்குக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் உறவு நன்றாக இருக்கும்போது கையெழுத்து வாங்குவதுதான் இருவருக்கும் நல்லது.

இலண்டனுக்கோ சூரிச்சுக்கோ அனுப்பும் எண்ணம் இருந்தால், ஐரோப்பிய ஒன்றியத்தில் பதிந்த குறி பாரிசுக்கும் ஜேர்மனிக்கும் செல்லும். பிரித்தானியாவுக்கும் சுவிசுக்கும் செல்லாது, அங்கே தனித்தனியாகப் பதியவேண்டும்.

பதிவு கிடைக்க ஒரு வருடத்துக்கு மேலும் எடுக்கும். கிடைத்தால் 10 வருடத்துக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். இடையில் அரசாங்கக் கடிதம்போல் முத்திரையெல்லாம் வைத்து, உங்கள் குறியைப் "பட்டியலில் சேர்க்க" இவ்வளவு டொலர் கட்டு என்று கடிதங்கள் வரும். விண்ணப்ப விபரங்கள் பொதுவில் இருப்பதால் அதைப் பார்த்து அனுப்புகிறார்கள். பெரும்பாலும் ஏமாற்று. கட்ட முதல் உங்கள் முகவருக்கு அதைப் படமெடுத்து அனுப்பிக் கேளுங்கள்.